கட்டுரை உள்ளே, எழுதியவர் வெளியே: ஹெர்தா அயர்ட்டனும் மின்வில்லும்

காற்று மின்சாரத்தைக் கடத்தாது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். உயர் அழுத்தக் கம்பிகள் மேலுறை இல்லாமல் நம் தலைக்கு மேல் போவது அந்த நம்பிக்கையில்தான். ஆனால் காற்றின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு சென்டிமீட்டர் இடைவெளிக்கு ஏறக்குறைய 30,000 வோல்ட் என்ற அளவை மின்னழுத்தம் எட்டும்போது, காற்றில் தற்செயலாகத் திரிகிற ஓரிரு எலக்ட்ரான்கள் வேகம் பிடிக்கின்றன. அவை வாயு மூலக்கூறுகளில் மோதி மேலும் எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கண் இமைப்பதற்குள் காற்று கடத்தியாகிவிடுகிறது. எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்து கிடக்கும் இந்த வாயு நிலைக்கு 1928இல் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் ‘பிளாஸ்மா’ என்று பெயரிட்டார்.

இந்தப் பெருக்கத்தை அதன் போக்கில் விட்டால் என்ன ஆகும்? மின்சாரம் பாயும் பாதை சூடேறும். சூடேறிய காற்றில் இன்னும் எளிதாக மின்சாரம் பாயும். அதனால் இன்னும் சூடேறும். பொறி பறந்து, மின்னோட்டம் தொடர்ந்தால் மின்வில்லாக நிலைபெறும். வெல்டிங் பட்டறையைக் கடக்கும்போது நாம் கண்ணைத் திருப்பிக்கொள்கிறோமே, அந்த ஒளிதான் மின்வில். அதில் எலக்ட்ரான் மட்டுமல்ல, காற்றும் பல ஆயிரம் டிகிரி கொதிக்கிறது.

காற்றைக் கொதிக்க வைக்காமல் எலக்ட்ரான்களை மட்டும் சூடாக்க ஒரு வழி உண்டு. உயர் மின்னழுத்தத்தை மிகக் குறுகிய துடிப்பாகக் கொடுத்து, உடனே நிறுத்திவிட வேண்டும். துடிப்பின் நீளம் சில நானோநொடிகளிலிருந்து சில நூறு நானோநொடிகள் வரை; ஒரு நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு நைட்ரஜன் மூலக்கூறு எலக்ட்ரானைவிட ஐம்பதாயிரம் மடங்குக்கும் மேல் கனமானது. ஈ மோதி யானை நகராது என்பதுபோல, எலக்ட்ரானின் ஒரு மோதலில் மூலக்கூறின் வேகம் கூடுவதில்லை. வெப்பம் பரவ எண்ணற்ற மோதல்கள் வேண்டும், அதற்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தைக் கொடுக்காமல் துடிப்பை வெட்டிவிட்டால், எலக்ட்ரான்கள் பத்தாயிரம் டிகிரிக்கு மேல் இருக்கும்போதும் காற்று ஏறக்குறைய அறையின் வெப்பத்திலேயே இருக்கும். இதைத்தான் வெப்பமற்ற பிளாஸ்மா, பேச்சுவழக்கில் குளிர் பிளாஸ்மா என்கிறார்கள். ஆக்சிஜனை உடைத்து ஓசோன் உண்டாக்கவும், புகையில் உள்ள நச்சுகளைச் சிதைக்கவும், ஆறாத புண்களில் கிருமியைக் கொல்லவும் இன்று ஆய்வகங்களில் இதைக்கொண்டு முயல்கிறார்கள்.

துடிப்புகளோடு வேலை செய்யும் ஒவ்வொருவரும் விலகி நிற்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. அது மின்வில். எங்கே வில் தொடங்குகிறது, ஏன் நிலைபெறுகிறது, சுற்றியுள்ள காற்று அதில் என்ன வேலை செய்கிறது என்ற கேள்விகள் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பொறுமையான அளவீட்டுக்கு உள்ளாயின. அந்த அளவீடுகளைச் செய்து, அத்துறையில் நெடுநாள் அடிப்படை நூலாக இருந்த ஒன்றை எழுதியவர் ஒரு பெண். அவர் பெயர் ஹெர்தா அயர்ட்டன். அவருடைய கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டி ஏற்றுக்கொண்டது. அதைப் படிக்க அவரை உள்ளே விடவில்லை.

தையல்காரியின் மகள்

1854 ஏப்ரல் 28 அன்று இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்ஸீயில் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் ஃபீபி சாரா மார்க்ஸ். தந்தை லீவை மார்க்ஸ், போலந்திலிருந்து தப்பி வந்த யூதர், கடிகாரம் செய்பவர். 1861இல் அவர் இறந்தபோது வீட்டில் ஏழு குழந்தைகள். எட்டாவது தாயின் வயிற்றில். தாய் ஆலிஸ் தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார். ஒன்பது வயதில் சாரா, லண்டனில் பள்ளி நடத்திவந்த சித்தியின் வீட்டுக்குப் படிக்க அனுப்பப்பட்டார். பதினாறு வயதில் பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கத் தொடங்கினார். ‘ஹெர்தா’ என்ற பெயர் பதின்ம வயதில் தோழி ஒட்டிலி பிளைண்ட் சூட்டியது. அந்தப் பெயரிலேயே அவர் கடைசிவரை வாழ்ந்தார்.

இங்கே இன்னொரு பெண்ணைக் கவனிக்க வேண்டும்: பார்பரா பொடிஷான். கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான கிர்ட்டன் கல்லூரியை நிறுவியவர்களில் ஒருவர். ஹெர்தா பிறந்த அதே 1854இல், பெண்களைப் பற்றிய இங்கிலாந்துச் சட்டங்களை எளிய மொழியில் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட்டவர். மணமான பெண்ணுக்குச் சட்டத்தின் பார்வையில் தனி இருப்பு இல்லை, கணவனின் இருப்புக்குள் அவள் அடங்கிவிடுகிறாள் என்பதை அந்த நூல் அம்பலப்படுத்தியது. மணமான பெண்களின் சொத்துரிமைக்காகப் பல ஆண்டுகள் இயங்கியவரும் அவரே. 1882இல் அதற்கான சட்டம் வந்தது. ஆனால் மணமான பெண் தனியொரு ஆள் அல்ல என்ற கருத்து அத்தோடு சாகவில்லை. அது எங்கே போய் ஒளிந்துகொண்டது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பொடிஷானின் உதவியோடு ஹெர்தா 1876இல் கிர்ட்டனில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். 1880இல் கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வை எழுதித் தேறினார். அதே கேள்வித்தாளை எழுதிய ஆண்களுக்குப் பட்டம்; பெண்களுக்கு வெறும் சான்றிதழ். கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க 1948 வரை எடுத்துக்கொண்டது. ஹெர்தா லண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வை எழுதி 1881இல் அங்கே பட்டம் பெற்றார். 1884இல், ஒரு கோட்டை எத்தனை சம பாகங்களாக வேண்டுமானாலும் பிரிக்க உதவும் வரைகருவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கான செலவைக் கொடுத்து உதவியவர்களில் பொடிஷானும் ஒருவர்.

அந்த ஆண்டுதான் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம் பற்றிய மாலை வகுப்புகளுக்குப் போகத் தொடங்கினார். ஆசிரியர் வில்லியம் அயர்ட்டன். 1885இல் இருவரும் மணந்துகொண்டார்கள். வில்லியமின் முதல் மனைவி மட்டில்டா சாப்ளின், பெண்களுக்கு மருத்துவக் கல்வி கேட்டு எடின்பரோவில் போராடியவர்களில் ஒருவர், 1883இல் இறந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற மகள் ஈடித்தை ஹெர்தா வளர்த்தார். 1886இல் ஹெர்தாவுக்கும் ஒரு மகள் பிறந்தாள். அவளுக்குப் பார்பரா என்று பெயர் வைத்தார்கள்.

அதன்பின் சில ஆண்டுகளுக்கு ஆய்வில் ஓர் இடைவெளி. ஏன் என்று நாம் கேட்க வேண்டியதே இல்லை. இரண்டு பெண் குழந்தைகள், வீடு, புகழ்பெற்ற பேராசிரியரின் மனைவி என்ற பொறுப்பு. வில்லியம் முற்போக்கானவர், மனைவியின் ஆய்வை ஊக்குவித்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் நின்றது அவருடைய ஆய்வு அல்ல. அந்த இடைவெளி முடிந்ததும் கணவரின் நல்லெண்ணத்தால் மட்டும் அல்ல. 1891இல் பொடிஷான் இறந்தபோது ஹெர்தாவுக்கு ஒரு தொகையை உயிலில் எழுதிவைத்திருந்தார். அந்தப் பணத்தில் வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டுதான் ஹெர்தா ஆய்வுக்குத் திரும்பினார். ஒரு பெண்ணின் பணமும், அவர் வீட்டில் வேலை செய்த, வரலாற்றில் பெயர் பதியாத இன்னொரு பெண்ணின் உழைப்பும் சேர்ந்தே மின்வில் ஆய்வு நடந்தது. மேதைமையைப் பற்றிப் பேசும் அறிவியல் வரலாறுகள் இந்தக் கணக்கை எழுதுவதில்லை.

சீறலுக்குக் காரணம்

இரண்டு கரிக்கோல்களின் நுனிகளை ஒட்டவைத்து, மின்சாரம் பாய்ச்சி, மெல்ல விலக்கினால் இடையே ஒளி வளைந்து எரியும். அதனால்தான் அது வில். ஹம்ஃப்ரி டேவி அதைக் காட்டியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அந்த நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய நகரங்களின் தெருக்களும் ரயில் நிலையங்களும் மின்வில் விளக்கில் ஒளிர்ந்தன. செனான் விளக்குகள் வருவதற்கு முன் நம் ஊர் டூரிங் டாக்கீஸ்களில் திரையில் படம் விழுந்ததும் இதே கரிக்கோல்களின் ஒளியில்தான். ஆபரேட்டர் எரிந்து தேய்ந்த ‘கார்பனை’ மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த விளக்கில் ஒரு தொல்லை இருந்தது. நிம்மதியாக எரிந்துகொண்டிருக்கும் வில் திடீரென்று சீறும், முனகும், நடுங்கும். ஒளியின் நிறம் மாறும். மின்னோட்டத்தை ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் இப்படி ஆனது. சீறத் தொடங்கும் நொடியில் வில்லின் மின்னழுத்தம் ஏறக்குறைய 10 வோல்ட் சட்டென்று விழுவதும் தெரிந்திருந்தது. காரணம் மட்டும் தெரியவில்லை.

வில்லியம் அயர்ட்டன் மின்வில்லைப் பற்றி ஆய்வு செய்துவந்தார். 1893இல் சிகாகோ மாநாட்டுக்கு அவர் கொண்டுபோன கட்டுரையின் பிரதி, அங்கே பணியாளர் ஒருவர் தெரியாமல் நெருப்பு மூட்டப் பயன்படுத்தியதால் எரிந்துபோனது என்று சொல்லப்படுகிறது. ஹெர்தா பழைய ஆய்வைத் திரும்ப எழுத உட்காரவில்லை. தொடக்கத்திலிருந்து தானே செய்தார். கரிக்கோலின் தடிமன், இரு நுனிகளுக்கு இடையே உள்ள தூரம், மின்னோட்டம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றி, வில் நிலைபெறும்வரை காத்திருந்து, அதன்பின்தான் அளந்தார். மற்றவர்களின் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருந்ததற்கு அந்தக் காத்திருப்பு இல்லாததே பெரும் காரணம். வில்லின் நீளம், மின்னோட்டம், மின்னழுத்தம் மூன்றையும் இணைத்து அவர் கண்ட சமன்பாடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1895, 1896ஆம் ஆண்டுகளில் ‘தி எலக்ட்ரீஷியன்’ இதழில் அவர் எழுதிய கட்டுரைத் தொடர் அவரை அத்துறையின் வல்லுநராக்கியது.

சீறலின் காரணத்தை அவர் கண்டுபிடித்த விதம் எளிமையானது, அதனாலேயே அழகானது. நேர்முனைக் கரிக்கோலின் நுனியில் வில் எரிய எரிய ஒரு குழி விழும். மின்னோட்டம் கூடக்கூடக் குழி அகலும். குழி நுனிக்குள் அடங்கியிருக்கும்வரை கரியின் ஆவி அதை மூடிக் காக்கிறது. குழி விரிந்து கோலின் பக்கவாட்டுக்கு ஏறும்போது காப்பு விலகுகிறது. வெளிக்காற்று உள்ளே புகுந்து, அதிலுள்ள ஆக்சிஜன் கொதிக்கும் கரியோடு நேரடியாக வினைபுரிகிறது. அந்த வினைதான் சீறல். இதை அவர் சொன்னதோடு விடவில்லை, இரு பக்கமும் சோதித்துக் காட்டினார். வில்லை மூடிக் காற்றைத் தடுத்தால், எவ்வளவு மின்னோட்டம் கூட்டினாலும் சீறுவதில்லை. அமைதியாக எரியும் வில்லின் குழிக்குள் ஆக்சிஜனைச் செலுத்தினால் உடனே சீறுகிறது. நைட்ரஜனைச் செலுத்தினால் சீறுவதில்லை.

இன்று குளிர் பிளாஸ்மாவை ஆராய்பவர்களுக்குக் காற்று என்பது மின்சாரம் தாண்டிச் செல்லும் வெற்றிடைவெளி அல்ல. அதன் ஆக்சிஜனும் நைட்ரஜனும் என்ன வினை புரிகின்றன என்பதே அங்கு முழுப் பேச்சும். அந்த ஆய்வு ஹெர்தாவிடமிருந்து நேரே இறங்கி வந்தது என்று சொல்ல முடியாது. அதற்கு வேறு முன்னோர் உண்டு. கண்ணாடிச் சுவரை இடையில் வைத்து வில்லைத் தடுத்து ஓசோன் உண்டாக்கும் குழாயை வெர்னர் ஃபான் சீமென்ஸ் 1857இலேயே செய்துவிட்டார். மின்தேக்கிகளைத் தனித்தனியே ஏற்றி, ஒரே நொடியில் வரிசையாக இணைத்து உயர் அழுத்தத் துடிப்பு உண்டாக்கும் சுற்றை எர்வின் மார்க்ஸ் 1924இல் அமைத்தார். ஹெர்தா வில்லின் உள்ளமைப்புக்குச் சொன்ன விளக்கங்களில் சில, எலக்ட்ரான் கோட்பாடு வளர்ந்தபின் வழக்கொழிந்தன. எல்லா விஞ்ஞானிகளுக்கும் நேர்வதுதான் அது. ஆனால் மின்னிறக்கத்தில் காற்றும் ஒரு வினைப்பொருள் என்பதை இவ்வளவு தெளிவாகச் சோதித்துக் காட்டியவர்களின் வரிசையில் அவருக்கு இடம் உண்டு. அந்த வரிசையை எழுதும்போது அவர் பெயர் எவ்வளவு எளிதாக விடுபடுகிறது என்பதுதான் நம் கவலை.

‘ஆள்’ யார்?

1899 மார்ச்சில் லண்டன் மின்பொறியாளர் நிறுவனத்தில் ஹெர்தா சீறலைப் பற்றிய கட்டுரையைத் தானே படித்தார். அங்கே தன் கட்டுரையைத் தானே படித்த முதல் பெண் அவர். அதே ஆண்டு அந்நிறுவனம் அவரை உறுப்பினராக்கியது. முதல் பெண் உறுப்பினரும் அவரே. பொறியாளர்களுக்கு எரியும் விளக்கு தேவைப்பட்டது. அதை எரியவைத்தவர் யார் என்பது அவர்களுக்குப் பெரிய தடையாகப் படவில்லை.

ராயல் சொசைட்டி வேறு மாதிரி. 1901இல் மின்வில்லின் இயக்கம் பற்றிய அவருடைய கட்டுரை அங்கே படிக்கப்பட்டது. படித்தவர் ஜான் பெரி, வில்லியமின் நெடுநாள் நண்பர். பெண்கள் அங்கே கட்டுரை படிக்க வழக்கமில்லை. 1902இல் ஹெர்தாவின் நூல் ‘மின்வில்’ வெளியானது. அதே ஆண்டு அவரை ராயல் சொசைட்டியின் ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்க முன்மொழிந்தார்கள். ஒரு பெண்ணின் பெயர் அப்படி முன்வைக்கப்படுவது அதுவே முதல்முறை. சொசைட்டி வழக்கறிஞர்களிடம் கருத்துக் கேட்டது. அவர்கள் சொன்னது: சொசைட்டியின் பட்டயத்தின்படி மணமான பெண்ணை ஃபெலோவாக ஏற்க முடியாது, மணமான பெண்ணுக்குச் சட்டத்தில் தனி ஆள்நிலை கிடையாது.

1854இல் பொடிஷான் எழுதி அம்பலப்படுத்திய கருத்து, நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, அவர் படிக்கவைத்த பெண்ணின் வழியை மறித்து நின்றது. சொத்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு மணமான பெண் ஆளாகிவிட்டாள். ஆய்வாளர் பட்டியலில் பெயர் ஏறும் அளவுக்கு ஆளாகவில்லை. அதே மனைவி என்ற நிலை அவருக்கு இன்னொரு விதத்திலும் எதிராக நின்றது. கணவர் அதே துறையில் இருப்பதால், இந்த ஆய்வு உண்மையில் யாருடையது என்ற முணுமுணுப்பு எப்போதும் இருந்தது. வில்லியம் இதை அறிந்திருந்தார். ஹெர்தாவின் ஆய்வில் தன் பெயர் சேராமல் இருக்க அவர் கவனமாக விலகி நின்றதற்குக் காரணமே அதுதான். ஆண் ஒருவர் உதவினால் ஆய்வு அவருடையதாகிவிடும். விலகி நின்றாலும் ஐயம் தீராது.

‘ஆள்’ என்ற சொல்லுக்குள் பெண் அடங்குவாளா என்ற கேள்வி பேரரசின் சட்டத்தோடு சேர்ந்து இங்கேயும் வந்தது. சட்டம் படித்துத் தேறிய ரெஜினா குஹா வழக்கறிஞராகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தபோது, 1916இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதே தர்க்கத்தில் மறுத்தது. இந்தியாவில் அந்தத் தடையை நீக்கும் சட்டம் 1923இல் வந்தது.

1904இல் ராயல் சொசைட்டி ஒரு படி இறங்கியது. கடற்கரை மணலில் அலைகள் வரையும் வரிகள் எப்படித் தோன்றுகின்றன என்பது பற்றிய கட்டுரையை ஹெர்தாவே அங்கே படித்தார். அங்கே கட்டுரை படித்த முதல் பெண் அவர்தான். 1906இல் மின்வில், மணல்வரி ஆகிய இரு ஆய்வுகளுக்காகவும் சொசைட்டி தன் ஹியூஸ் பதக்கத்தை அவருக்கு அளித்தது. பதக்கம் கொடுக்கலாம், உறுப்பினராக்க முடியாது! அந்தப் பதக்கத்தை அடுத்ததாக ஒரு பெண் பெற 2008 வரை, நூற்று இரண்டு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் விண்வெளி இயற்பியலாளர் மிஷேல் டோஹெர்ட்டி. பெண்களை விலக்கும் தடையைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1919இல் சட்டமியற்றி நீக்கியது. ஆயினும் ராயல் சொசைட்டி முதல் பெண் ஃபெலோக்களாகக் கேத்லீன் லான்ஸ்டேலையும் மார்ஜரி ஸ்டீஃபன்சனையும் தேர்ந்தெடுத்தது 1945இல்தான்.

ஆய்வகத்திலிருந்து தெருவுக்கு

இப்படிப்பட்ட அனுபவம் உள்ளவர் வாக்குரிமைப் போராட்டத்துக்குப் போனதில் வியப்பில்லை. 1908இல் வில்லியம் இறந்தபின் ஹெர்தா இன்னும் தீவிரமாக இயங்கினார். 1910 நவம்பர் 18 அன்று நாடாளுமன்றத்தை நோக்கி முந்நூறு பெண்கள் போனபோது, எமலின் பாங்க்ஹர்ஸ்ட்டோடு முன்னணியில் நடந்தவர்களில் ஹெர்தாவும் இருந்தார். பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் மகள் சோபியாவும் இருந்தார். காவலர்களும் கூட்டத்தினரும் அன்று பெண்களை அடித்து, உடலில் கைவைத்து அவமானப்படுத்தினார்கள். அந்த நாளை ‘கறுப்பு வெள்ளி’ என்றே வரலாறு அழைக்கிறது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, இரண்டு வேட்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அறிவு எனக்கு இல்லையென்றால் இத்தனை கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொல்வேன் என்ற பொருளில் படிவத்தின் குறுக்கே எழுதி அனுப்பினார். 1912இல் மகள் பார்பரா கடைகளின் கண்ணாடிகளை உடைத்துச் சிறை சென்றார். 1913இல் உண்ணாநிலையால் குற்றுயிராகி வெளியே விடப்பட்ட பாங்க்ஹர்ஸ்ட், உடல் தேறியதும் மீண்டும் கைதாகக் காத்திருந்த வீடுகளில் ஹெர்தாவின் வீடும் ஒன்று. வாசலில் காவலர்கள், உள்ளே செவிலி வேலை பார்த்தபடி ஓர் இயற்பியலாளர்.

மேரி கியூரியோடு அவருக்கு இருந்த நட்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1909இல், ரேடியத்தைக் கண்டுபிடித்தது பியர் கியூரி என்று பத்திரிகைகள் எழுதியதை எதிர்த்து ஹெர்தா ‘வெஸ்ட்மின்ஸ்டர் கெசட்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். தவறான செய்திகளைக் கொல்வது கடினம். அதிலும் பெண்ணின் வேலையை ஆணுக்கு ஏற்றிச் சொல்லும் தவறு பூனையைவிட அதிக உயிர்கள் கொண்டது என்பது அவர் வாதம். அது கியூரிக்காகப் பேசியது மட்டுமல்ல. 1912இல், அந்தரங்க வாழ்வைப் பத்திரிகைகள் கிழித்துப் போட்டபின் நோயுற்றிருந்த கியூரி, வேறு பெயரில் தன் மகள்களோடு இங்கிலாந்துக்கு வந்து ஹெர்தாவின் பராமரிப்பில் கடலோரத்தில் ஓய்வெடுத்தார்.

ஹெர்தாவைப் புனிதராக்க வேண்டியதில்லை. மின்வில் ஆய்வின் ஒரு பகுதி கடற்படையின் தேடுவிளக்குகளுக்குப் போனது. முதல் உலகப் போரில், பதுங்குகுழிகளிலிருந்து நச்சுவாயுவைத் தள்ளிவிட, நீர்ச்சுழல் ஆய்விலிருந்து பிறந்த கைவிசிறி ஒன்றை அவர் அமைத்தார். இராணுவம் முதலில் அலட்சியப்படுத்தியது. பின்னர் 1,04,000 விசிறிகள் போர்முனைக்குப் போயின. அவற்றின் பயனைப் பற்றிப் படைவீரர்களிடையே ஒத்த கருத்து இருக்கவில்லை. பேரரசின் போரில் பங்கேற்ற பெண்ணியத்தை நாம் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கும் முதலில் அவர் வரலாற்றில் இருந்தாக வேண்டும்.

இறந்தபின் வந்த தீர்ப்பு

1923 ஆகஸ்ட் 26 அன்று ஹெர்தா இறந்தார். ‘நேச்சர்’ இதழில் அஞ்சலி எழுதியவர் வேதியியலாளர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங், குடும்ப நண்பர். வில்லியமுக்கு வேறு மாதிரி மனைவி வாய்த்திருக்க வேண்டும், வீட்டுக்கு வந்ததும் செருப்பை எடுத்துக் கொடுத்து, நன்றாகச் சமைத்துப் போட்டு, கவலையில்லாமல் வைத்திருக்கும் சாதாரண மனைவி; அப்படி இருந்திருந்தால் அவர் இன்னும் நெடுநாள் வாழ்ந்து இன்னும் அதிகம் செய்திருப்பார் என்பதுதான் அந்த அஞ்சலியின் சாரம். இறந்த பெண்ணின் அறிவியலுக்கு எழுதிய அஞ்சலியில், கணவனுக்குப் போதாமல் போன சோறு கணக்கெடுக்கப்பட்டது. நூறாண்டு கடந்தும் இந்தக் கணக்கை நம்மில் பலர் உறவினர் வாயால் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆம்ஸ்ட்ராங்கின் தீர்ப்பே கடைசிச் சொல்லாக நின்றிருக்கும். நிற்காமல் போனதற்குப் பெண்கள் எழுதியதே காரணம். ஹெர்தா வளர்த்த ஈடித், 1924இல் ஓர் இளம்பெண் விஞ்ஞானி வாக்குரிமைப் போராளியாவதை நாவலாக எழுதினார். அதன் நாயகியிடம் ஹெர்தாவின் சாயல் தெளிவாக உண்டு. போராட்டத் தோழி ஈவ்லின் ஷார்ப் 1926இல் ஹெர்தாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பல அந்த நூல் வழியே வந்தவை. மகள் பார்பரா பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார். பதின்ம வயதில் ‘ஹெர்தா’ என்று பெயர் சூட்டிய ஒட்டிலி, 1925இல் கிர்ட்டன் கல்லூரியில் தோழியின் பெயரால் ஓர் ஆய்வு நல்கையை ஏற்படுத்தினார்.

சிலை வைக்காமல் நல்கை வைத்ததைக் கவனியுங்கள். ஒரு பெண் ஆய்வுக்குத் திரும்ப என்ன தேவைப்பட்டது என்பதை 1891லிருந்து அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது: பணமும், அந்தப் பணம் வாங்கித் தரும் நேரமும். நானோநொடித் துடிப்புகளோடு இன்று ஆய்வகத்தில் நிற்கும் இளம்பெண்ணும், அவளுடைய வீட்டில் அந்த நேரத்துக்கு உலை வைப்பது யார், கட்டுரையில் அவள் பெயர் எத்தனையாவதாக வருகிறது, கருத்தரங்க மேடையில் அதைப் படிப்பது யார் என்று கேட்டுப் பார்க்கலாம். ஹெர்தாவின் காலத்துக்கும் நம் காலத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதை அளக்க அந்த மூன்று கேள்விகள் போதும்.